முகம் ஒடுங்க எலும்பைச் செதுக்கலாமா?

கேள்வி: "எனக்கு வயது 26. சிங்கப்பூரில் கணக்காளராக வேலை பார்க்கிறேன். எடை 52 கிலோதான். ஆனால் முகம் மட்டும் சதுரமாக, அகலமாக இருக்கிறது. கைப்பேசியில் நானே எடுத்துக்கொள்ளும் படத்தில் சுமாராகத் தெரிகிறேன். கல்யாண வீட்டில் மற்றவர்கள் எடுக்கும் படங்களில் என் முகத்தைப் பார்க்கவே பிடிப்பதில்லை. சியோலில் உள்ள ஒரு மருத்துவமனையுடன் வீடியோவில் பேசினேன். கன்ன எலும்பு, தாடைக் கோணம், மோவாய் மூன்றையும் ஒரே தடவையில் குறைத்துவிடலாம், பத்து நாள் விடுப்பு போதும், இந்த மாதத்துக்குள் முன்பணம் கட்டினால் சலுகை உண்டு என்கிறார்கள். செய்துகொள்ளலாமா?"

பதில்: முன்பணம் இன்னும் கட்டவில்லையென்றால், இதைப் படித்து முடிக்கும்வரை கட்ட வேண்டாம். கட்டிவிட்டீர்கள் என்றாலும் கலங்க வேண்டாம். அந்தப் பணத்தைவிடப் பெரிய விஷயங்கள் இதில் இருக்கின்றன.

நான் முக, தாடை அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர். இருபது ஆண்டுகளாக என் பெரும்பாலான நாட்கள் இருசக்கர வண்டி விபத்தில் முகம் உடைந்து வருகிறவர்களோடுதான் கழிகின்றன. கன்ன எலும்பு உடைந்து உள்ளே அமுங்கியிருக்கும். அதை வெளியே தூக்கி நிறுத்தி, டைட்டானியம் தகடு வைத்துத் திருகாணி முடுக்குவோம். நீங்கள் கேட்கும் கன்ன எலும்புக் குறைப்பில் இதே வேலை தலைகீழாக நடக்கிறது. நன்றாக இருக்கும் எலும்பை அறுத்து, உள்ளே தள்ளி, அதே தகட்டை வைத்து முடுக்குகிறார்கள். உடைந்ததைச் சேர்ப்பதற்கு யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். உடையாததை உடைப்பதற்குக் காரணம் வேண்டும், அதுவும் அசைக்க முடியாத காரணமாக இருக்க வேண்டும். ஆகவே என் முதல் கேள்வி: உங்கள் முகம் அகலமாகத் தெரிவதற்கு எலும்புதான் காரணம் என்று யார் சொன்னது, எதைப் பார்த்துச் சொன்னார்கள்? வீடியோவில் பார்த்து இதைச் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது.

கண்ணாடி முன் நின்று ஒன்று செய்து பாருங்கள். இரண்டு கை விரல் நுனிகளையும் காதுமடலுக்குக் கீழே, தாடை வளைகிற இடத்தில் வைத்துக்கொண்டு பல்லை இறுகக் கடியுங்கள். விரலுக்கு அடியில் நெல்லிக்காய்போல ஒன்று கெட்டியாகப் புடைத்து எழுந்து, கடிப்பதை விட்டதும் அமுங்குகிறதா? அது மெல்லும் தசை. நாங்கள் மாசெட்டர் என்போம். கன்ன எலும்பின் வில்லில் தொடங்கித் தாடைக் கோணத்தில் வந்து பற்றிக்கொள்ளும். இரவில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கும், கணினி முன் உட்காரும்போது தன்னை அறியாமல் தாடையை இறுக்கிக்கொள்பவர்களுக்கும் இந்தத் தசை உடற்பயிற்சி செய்த புஜம்போலப் பருத்துவிடும். காலையில் எழும்போது தாடையிலும் நெற்றிப்பொட்டிலும் வலி இருக்கிறதா, பற்களின் நுனி தேய்ந்து தட்டையாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆண்டு முடிவுக் கணக்கு நேரத்தில் முகம் கூடுதலாகப் பருத்துத் தெரிகிறது என்றால் எனக்குச் சந்தேகமே இருக்காது.

கடிக்கும்போது எதுவும் புடைக்காமல், தாடை விளிம்பு விரலுக்குக் கல்லாகத் தட்டுப்பட்டு வெளிப்புறமாக விரிந்திருந்தால் எலும்பின் பங்கு அதிகம். விரலால் கிள்ளினால் கனமாகப் பிடிபட்டால் கொழுப்பு. காதுக்கு முன்னும் கீழும் மெத்தென்று வீங்கியிருந்தால் அது உமிழ்நீர்ச் சுரப்பியாக இருக்கலாம். நீரிழிவு, மதுப்பழக்கம், சாப்பிட்டதைத் தானே வாந்தியெடுக்கும் பழக்கம் இவற்றில் அந்தச் சுரப்பி பெருக்கும். இந்தக் கடைசிக் காரணத்தை இளம்பெண்கள் பெரும்பாலும் மறைப்பார்கள். இருந்தால் உங்கள் மருத்துவரிடமாவது சொல்லிவிடுங்கள். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தாலும் முகம் உருண்டுபோகும். பள்ளிக்கூடப் புகைப்படத்தை எடுத்துப் பாருங்கள். அன்றே இதே தாடை இருந்ததா, அப்பா வழி அத்தைக்கும் இதே தாடையா? அப்படியானால் இது பிறவி அமைப்பு. இரண்டு மூன்று வருடங்களுக்குள் வந்த மாற்றம் என்றால் முதலில் பார்க்க வேண்டியது பொது மருத்துவரை.

உங்கள் கேள்வியில் ஒரு வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். நீங்களே எடுக்கும் படத்தில் சுமார், மற்றவர்கள் எடுத்தால் அகலம் என்கிறீர்கள். இந்த வித்தியாசம் தூரத்தால் வருவது. கைக்கெட்டும் தூரத்தில் கேமராவைப் பிடித்தால் அதற்கு அருகே இருக்கும் மூக்கு பெரிதாகவும், பின்னால் இருக்கும் காதும் தாடைக் கோணமும் சிறிதாகவும் பதியும். முகம் ஒடுங்கியதுபோல் தெரியும். 30 செ.மீ. தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கின் அகலம் சுமார் 30 சதவீதம் கூடித் தெரிவதை 2018இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டுக் காட்டியது. நீங்கள் பழகிப்போயிருப்பது அந்த ஒடுங்கிய முகத்துக்கு. எதிரில் நின்று பேசுகிறவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை. கல்யாண வீட்டுக் குழுப் படத்தில் ஓரத்தில் நின்றிருந்தால் இன்னும் மோசம்: பரந்த கோணத்தில் எடுக்கும் கைப்பேசி லென்ஸ் ஓரத்தில் நிற்பவர்களின் முகத்தைப் பக்கவாட்டில் இழுத்துவிடும். ஆறடி தள்ளி ஒருவரை நிற்கவைத்து, சற்றே ஜூம் செய்து, உங்களை நடுவில் வைத்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். முடிவெடுக்க அந்தப் படத்தைத்தான் பார்க்க வேண்டும்.

தசைதான் காரணம் என்று தெரிந்தால் அதற்கு மருந்து இருக்கிறது. போட்டாக்ஸ் ஊசி. மெல்லும் தசைக்குள் இரண்டு பக்கமும் போட்டால் தசை வேலை குறைந்து மெலியத் தொடங்கும். இரண்டு மூன்று மாதத்தில் முழுப் பலன் தெரியும். ஆறு மாத அளவில் தசை பழைய நிலைக்குத் திரும்பும். முறுக்கு, கரும்பு கடிக்கத் தாடை அலுத்துப்போகும். ஊசி இடம் தவறினால் சிரிப்பு சில வாரம் கோணலாகும். திரும்பத் திரும்பப் போட்டால் கன்னம் குழிவதும் உண்டு. ஆனால் இவை அனைத்தும் காலப்போக்கில் மாறக்கூடியவை. நான் இதைப் பரிந்துரைப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. முகம் ஒடுங்கினால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்பதை ஆறு மாதம் வாழ்ந்து பார்க்க இது ஒரு வாய்ப்பு. "ஒடுங்கிவிட்டது, ஆனால் என் முகமாகவே தெரியவில்லை" என்று சொன்னவர்கள் உண்டு. எலும்பை வெட்டிய பிறகு அப்படிச் சொன்னால் செய்வதற்கு அதிகம் இருக்காது.

இந்தச் சிகிச்சையின் வரலாறே தசையில்தான் தொடங்குகிறது. 1880இல் லெக் என்ற மருத்துவர், மெல்லும் தசைகள் பெருத்த பத்து வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றி எழுதினார். 1949இல் ஆடம்ஸ் வெளித்தோலைக் கீறி அந்தத் தசையையும் அதன் கீழுள்ள எலும்பையும் குறைத்தார். 1951இல் கன்வர்ஸ் வாய்க்குள்ளிருந்தே செய்யும் வழியைக் காட்டினார். தழும்பு வெளியே தெரியாமல் போயிற்று. 1983இல் ஜப்பானில் ஓனிசுகா கன்ன எலும்பைக் குறைக்கும் முறையை எழுதினார். 1989இல் கொரிய மருத்துவர் பேக் சே-மின் 42 பேருக்குத் தாடைக் கோணத்தைக் குறைத்த அனுபவத்தைப் பதிவு செய்தார். அதற்குப் பிறகுதான் சியோலின் கங்னம் பகுதியில் இது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. கிழக்காசிய முகங்களில் கன்ன எலும்பு பக்கவாட்டில் விரிந்திருப்பது அதிகம், அங்கே விரும்பப்படுவது மோவாயை நோக்கிக் கூம்பும் முகம். மேற்கு நாடுகளிலோ இதே கன்ன எலும்பை உயர்த்தவும் தாடைக் கோணத்தைக் கூர்மையாக்கவும் செயற்கைப் பொருட்களை உள்ளே வைத்துக்கொள்கிறார்கள். நீங்கள் பார்க்கும் "முன்", "பின்" படங்கள் எல்லாம் கொரிய முகங்களாக இருந்தால், அந்த மாற்றம் உங்கள் முகத்தில் அப்படியே வரும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி எலும்புக்கு வருகிறேன். கீழ்த்தாடைக்குள் ஒரு நரம்பு கால்வாயில் ஓடுவதுபோல ஓடி, முன்கடைவாய்ப் பற்களுக்குக் கீழே உள்ள துளை வழியாக வெளியே வந்து, கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்வைத் தருகிறது. தாடை விளிம்பை வெட்டுவதும், மோவாயை நடுவில் பிளந்து குறுக்குவதும் இந்த நரம்பின் அக்கம்பக்கத்தில்தான் நடக்கின்றன. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரமோ சில மாதமோ மரத்துப்போய்ப் பிறகு உணர்வு திரும்பும். சிலருக்குத் திரும்புவதில்லை. மரத்துப்போதல் என்ற சொல்லை ஒப்புதல் படிவத்தில் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடலாம். அது எப்படி இருக்கும் என்பது வேறு. வெளிநாட்டில் இந்தச் சிகிச்சை செய்துகொண்டு ஒன்றரை வருடம் கழித்து ஒரு பெண் என்னிடம் வந்தார். முகம் ஒடுங்கித்தான் இருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே கைக்குட்டையால் கீழுதட்டின் இடது ஓரத்தை ஒற்றிக்கொண்டே இருந்தார். அங்கே எதுவும் இல்லை. "மதியம் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தால்கூட எனக்குத் தெரியாது டாக்டர். எதிரில் இருப்பவர் பார்வை அங்கே போகும்போதுதான் தெரியும். அதனால் எப்போதும் துடைத்துக்கொண்டே இருக்கிறேன்" என்றார். அலுவலகத்தில் யாரோடும் சேர்ந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டிருந்தார். என்னால் அவருக்குச் செய்ய முடிந்தது மிகக் குறைவு.

அடுத்தது தொய்வு. விளம்பரத்தில் இதைச் சொல்ல மாட்டார்கள். முகத்துத் தோலும் கொழுப்பும் தசையும் எலும்பின் மேல் பந்தல் துணிபோலப் போர்த்தியிருப்பவை. பந்தல்காலைக் குட்டையாக்கினால் துணி அளவில் சுருங்காது, தொய்யும். கன்ன எலும்பைக் குறைக்கும்போது எலும்போடு ஒட்டியிருக்கும் திசுவைப் பிரித்தாக வேண்டும். பிரித்த இடம் மறுபடி அதே உயரத்தில் ஒட்டாவிட்டால் கன்னம் இறங்கி, மூக்கோரக் கோடு ஆழமாகும். இருபத்தாறு வயதில் தோல் இறுக்கமாக இருப்பதால் தப்பிக்கலாம். ஆனால் வயது ஏற ஏற முக எலும்பு தானாகவே கரையும்; ஐம்பதில் நம் எல்லோருடைய கன்னமும் தாடையும் தாங்கல் இழக்கின்றன. அந்தத் தாங்கலில் ஒரு பங்கை நீங்கள் முன்கூட்டியே வெட்டி எடுத்துவிடுகிறீர்கள். வெட்டி நகர்த்திய கன்ன எலும்பு சரியாகக் கூடாமல் போவதும் உண்டு. மெல்லும் தசை அதைக் கீழே இழுத்துக்கொண்டே இருப்பதுதான் காரணம். வாய் திறக்கும்போது காதருகே சொடக்குச் சத்தம் கேட்கும், வலிக்கும். மறுபடி திறந்து தகடு வைக்க வேண்டும். தாடைக் கோணத்தை அளவுக்கு மீறி வெட்டினால் காதிலிருந்து மோவாய்வரை ஒரே சரிவாகிவிடும். கொரியாவில் பேச்சு வழக்கில் இதை "நாய்த்தாடை" என்கிறார்கள். இன்னொன்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: கோணத்தை மட்டும் வெட்டினால் மாற்றம் பக்கவாட்டில்தான் அதிகம் தெரியும். முன்னாலிருந்து பார்க்கும் அகலம் குறைய எலும்பின் வெளிப்புற அடுக்கையும் சீவ வேண்டும், அது நரம்புக்கு இன்னும் நெருக்கமான வேலை.

கடைசியாக, ரத்தம். தாடைக் கோணத்தைச் சுற்றிப் பெரிய நாளங்கள் ஓடுகின்றன. வாய்க்குள்ளிருந்து, இடுக்கில், ரம்பத்தை வைத்து அறுக்கும்போது ஒரு நாளம் வெட்டுப்பட்டால் கட்டுப்படுத்துவது எளிதல்ல. 2016 செப்டம்பரில் சியோலில் இருபதுகளில் இருந்த கல்லூரி மாணவர் ஒருவர் தாடை எலும்புச் சிகிச்சைக்குப் போனார். பாதியிலேயே முதன்மை மருத்துவர் வேறு அறைக்குப் போய்விட்டார். அனுபவமற்ற இன்னொரு மருத்துவர் தொடர்ந்தார். பிறகு அவரும் போய்விட, ரத்தம் வடிந்துகொண்டிருந்த நோயாளியோடு உதவியாளர்கள் மட்டுமே இருந்தார்கள். ஒரே நேரத்தில் பல அறைகளில் அறுவை நடந்துகொண்டிருந்தது. அந்த மாணவர் நினைவு திரும்பாமலே 49ஆம் நாள் இறந்துபோனார். அறுவை அறைக் கேமராவின் பதிவை வாங்கி, அவருடைய தாய் நூற்றுக்கணக்கான தடவை போட்டுப் பார்த்து, யார் எந்த நிமிடத்தில் உள்ளே வந்தார்கள், எப்போது வெளியே போனார்கள், எத்தனை முறை தரையைத் துடைத்தார்கள் என்று குறித்தார். நாடாளுமன்ற வாசலில் பதாகையோடு தனியாக நின்றார். 2021 ஆகஸ்டில் மருத்துவமனைத் தலைவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. அதே மாதக் கடைசியில், நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தி அறுவை செய்யும் அறைகளில் கேமரா பொருத்துவது கட்டாயம் என்ற சட்டம் நிறைவேறி, 2023 செப்டம்பர் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தாயை நினைக்காமல் என்னால் இந்தச் சிகிச்சையைப் பற்றி யாரிடமும் பேச முடிவதில்லை.

கொரிய மருத்துவர்களை இழிவாகச் சொல்ல இதை எழுதவில்லை. இந்தத் துறையில் உலகிலேயே அதிகம் தேர்ந்த கைகள் அங்கேதான் இருக்கின்றன. அவர்கள் எழுதியதைப் படித்துத்தான் நாங்களும் கற்றோம். ஆனால் நீங்கள் பேசிய ஆலோசகர் மருத்துவரா, உங்களை அறுக்கப்போவது யார் என்பது உங்களுக்குத் தெரியவில்லை. ஆள்மாறி அறுவை செய்வதை அங்கே "பேய் அறுவை" என்றே அழைக்கிறார்கள். கங்னத்தில் ஒரு மருத்துவமனை, வெட்டியெடுத்த தாடை எலும்புத் துண்டுகளை ஆயிரக்கணக்கில் கண்ணாடிக் குடுவையில் கோபுரமாக நிரப்பி வரவேற்பறையில் வைத்திருந்து 2014இல் அபராதம் கட்டியது. எண்ணிக்கையைக் காட்டி நம்பிக்கை பெறுகிற இடத்தில் ஒரு தனி நோயாளிக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவார்கள் என்று யோசியுங்கள்.

பத்து நாள் என்பது விமானம் ஏற அனுமதிக்கும் காலம், குணமாகும் காலம் ஆகாது. முதல் இரண்டு வாரம் முகம் வீங்கி, இப்போது இருப்பதைவிட அகலமாக இருக்கும். அதைப் பார்த்து அழாதவர்கள் குறைவு. ஒரு மாதத்துக்குக் கஞ்சி, குழைந்த சாதம், கடைந்த பருப்பு. இறுதி வடிவம் தெரிய ஆறு மாதமாவது ஆகும். சீழ் பிடிப்பதும் தகடு தளர்வதும் பெரும்பாலும் நீங்கள் ஊர் திரும்பிய பிறகுதான் தலைகாட்டும். அப்போது யார் பார்ப்பார்கள்? வேறொருவர் செய்த எலும்பு வேலையைத் தொட எல்லா மருத்துவர்களும் தயங்குவார்கள், நானும் தயங்குவேன்.

அப்படியானால் இது யாருக்குத்தான் பொருந்தும்? ஸ்கேனில் எலும்பே தெளிவாக விரிந்திருப்பவர்களுக்கு; ஒரு பக்கத் தாடை மறுபக்கத்தைவிட வளர்ந்து கோணலாகிவிட்டவர்களுக்கு; இவ்வளவும் தெரிந்துகொண்டு வருடக்கணக்கில் யோசித்து, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் முடிவெடுப்பவர்களுக்கு. அப்படிச் செய்துகொண்டு நிம்மதியாக இருப்பவர்களை எனக்குத் தெரியும். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தாமல் இருந்தால் அது வேறு சிகிச்சை. தாடையையே நகர்த்தி, பல்சீரமைப்போடு சேர்த்துச் செய்வது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஒன்று கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு நாளில் எவ்வளவு நேரம் இந்த முகத்தைப் பற்றி நினைக்கிறீர்கள்? ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறதா? அதற்காகவே விசேஷங்களுக்குப் போகாமல் இருக்கிறீர்களா? நூறு பேரில் ஏறக்குறைய இருவருக்கு, மற்றவர் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறை தன் தோற்றத்தில் இருப்பதாக மனம் பிடித்துக்கொள்ளும் கோளாறு உண்டு. அழகு அறுவைக்கு வருகிறவர்களிடம் இது இன்னும் அதிகம். அவர்களுக்கு அறுவை அநேகமாக நிம்மதி தருவதில்லை. தாடை முடிந்தால் மூக்கு என்று மனம் அடுத்த இடத்துக்குப் போய்விடும். மனநல மருத்துவரின் பேச்சுச் சிகிச்சையும் மாத்திரையும் நல்ல பலன் தரும். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

இந்த மாதம் நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். சிங்கப்பூரிலேயே, உங்களுக்கு எதையும் விற்கும் நோக்கம் இல்லாத ஒரு முகத்தாடை அறுவை மருத்துவரை நேரில் பாருங்கள். தசை என்றால் பல் கடிப்பதற்குக் கவசமும் ஊசியும் போதும். எலும்பு என்றால் முப்பரிமாண சி.டி. ஸ்கேன் எடுத்து அதன் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகும் சியோல் என்று முடிவெடுத்தால், அந்த மருத்துவமனை வெளிநாட்டு நோயாளிகளை ஏற்கப் பதிவு பெற்றதா, அறுவை செய்பவர் பிளாஸ்டிக் அறுவை நிபுணரோ முகத்தாடை நிபுணரோதானா என்று பாருங்கள். அங்கே உரிமம் பெற்ற எந்த மருத்துவரும் அழகு சிகிச்சை செய்யச் சட்டம் இடம் தருகிறது. அறுவை அறைப் பதிவு வேண்டுமென்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், கேட்டால்தான் எடுப்பார்கள். மயக்க மருந்து கொடுப்பவர் கடைசிவரை அறையில் இருப்பாரா, ரத்தம் தேவைப்பட்டால் எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். மூன்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டிய அவசியம் என்ன என்றும் கேளுங்கள். பிறகு ஸ்கேனை அறுவை மருத்துவர் முன்னால் விரித்து, ஆலோசகரை விட்டுவிட்டு அவரிடமே, வெட்டப்போகும் கோட்டுக்கும் நரம்புக் கால்வாய்க்கும் இடையே இரு பக்கமும் எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது என்று கேளுங்கள். பதில் எண்ணாக வர வேண்டும். வராவிட்டால் ஸ்கேனை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.